முத்திரைக்காரர் தாடி வளர்த்த கதை

“மூக்கு என் மூக்குதான். அதுல சந்தேகமே வேண்டாம்.”

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “யாருக்குங்க?” என்றார்.

“என் பேத்திக்கு.”

பேச்சை அவர் ஆரம்பிக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். தாத்தா ஆனவர்களுக்கு இது புரியும். ஆகாதவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம். அவரும் அப்படித்தான் செய்தார். இந்த ஊரில் இப்போது என் பேத்தியின் மூக்கைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது. மார்க்கெட்டில் தெரியும், முடிவெட்டுகிற கடையில் தெரியும், தபால் கொண்டு வருகிறவருக்கும் தெரியும். ரொம்ப நாள் அவள் முகமே தெரியாமல் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் வேறு யாருமில்லை, அவளுடைய இன்னொரு தாத்தா. என் சம்பந்தி.

ஏன் தெரியாது என்றால், மனுஷன் லினக்ஸுக்கு மாறிவிட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சம்பந்தி எடை அளவு ஆபீசர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை அடைத்து, ஈயத்தின் மேல் ஒரு அச்சை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒன்று போடுவார். அதுதான் முத்திரை. அந்த ஈயம் கலைந்திருந்தால் கடைக்காரன் திருடன். கலையாமல் இருந்தால் இன்னும் மாட்டாத திருடன். மனிதர்களைப் பற்றி அவருக்கு இருந்த கருத்து மொத்தமும் இவ்வளவுதான். மார்க்கெட்டில் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. ‘முத்திரை வர்றார்’ என்றால் போதும், ஆளாளுக்குத் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்குக் காய்கறிக் கடை. வருஷம் தவறாமல் வருவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் தராசு முள்ளைப் பார்ப்பார். பிறகு அதே ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்ப்பார். என் தராசில் ஒரு குற்றமும் கிடைக்காமல் போனதில் அவருக்கு என்மேல் தீராத வருத்தம். அந்த ஆளின் மகனை என் மகள் கட்டிக்கொள்வாள் என்று யார் கண்டது! கல்யாணம் பேச என் வீட்டுக்கு வந்த அன்று, நான் நீட்டிய பழப்பையை வாங்கிக் கையில் ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, “முக்கால் கிலோ இருக்கும்” என்றார். நான் ஒரு கிலோ என்றுதான் போட்டிருந்தேன். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு முத்திரை குத்த ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அந்தக் கம்பெனியிடம் போய் மாட்டினார். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. முதலில் ஒரு போன் வாங்கினார். அதை என் கையில் கொடுக்காமல், தன் கையிலேயே வைத்துக்கொண்டு, என் கண்ணுக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

“சம்பந்தி, நல்லாப் பாருங்க. எங்கயாவது ஒரு ஸ்க்ரூ தெரியுதா?”

“இல்லையே.”

“தெரியாது! எவனும் திறக்க முடியாது. உள்ளே கை வைக்க முடியாது. ஒரு பொருள்னா இப்படி சீல் வச்சிருக்கணும்.”

போனுக்குப் பின்னால் வாட்ச் வந்தது. வாட்சுக்குப் பின்னால் காதில் மாட்டுவது வந்தது. கடைசியாக மடியில் வைக்கிற கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. அந்த போன் அந்த வாட்சோடு பேசும். அந்த வாட்ச் அந்தக் கம்ப்யூட்டரோடு பேசும். ஊரில் வேறு யாரோடும் எதுவும் பேசாது. ஒரு விதத்தில் அவரைப் போலவேதான். அவை வந்த வெள்ளை டப்பாக்களைக்கூடத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். “என் புடவைக்கு இந்த வீட்ல இடமில்லண்ணே, காலி டப்பாவுக்கு இருக்கு” என்று சம்பந்தியம்மா என்னிடம் சொல்வார்.

கல்யாணத்துக்கு மகனுக்கும் என் மகளுக்கும் அதே கம்பெனி போன்தான் பரிசு. எனக்குக் கிடையாது. “உங்களுக்கு எதுக்கு சம்பந்தி? இருக்கிற பட்டன் போனே ஜாஸ்தி” என்றார். பிள்ளைகள் இருவரும் வேலைக்காகத் தூரத்து நகரத்துக்குப் போனார்கள். வீடியோவில் என் மகளைப் பார்க்க வேண்டுமென்றால் நான் சம்பந்தி வீட்டுக்குத்தான் நடக்க வேண்டும். அங்கே அவர் நடுவில் உட்கார்ந்துகொள்வார். எனக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல். “அப்பா, உங்க காது மட்டும்தான் தெரியுது” என்பாள் மகள். மாசம் மாசமாக என் காதைத்தான் அவள் பார்த்தாள்.

சில வருஷம் கழித்து ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டரின் வயிறு வீங்கியது. பேட்டரி கெட்டால் அப்படி உப்புமாம். மூடி சரியாக மூடவில்லை. அதைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிக்கொண்டு கம்பெனி ஷோரூமுக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். சுவரெல்லாம் கண்ணாடி, உள்ளே குளிர், உட்கார நாற்காலி கிடையாது. டீ ஷர்ட் போட்ட ஒரு அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

“சார், இந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு.”

“பேட்டரியை மட்டும் மாத்துங்க.”

“அது உள்ள ஒட்டியிருக்கு சார். நாங்க திறக்கறதில்ல. புது மாடல் காட்டட்டுமா?”

“நான் வாங்கின பொருளை நான் திறக்கக்கூடாதா?”

“திறக்க முடியாது சார்.” அந்தச் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

சம்பந்தி என்னைப் பார்த்தார். “சம்பந்தி, எனக்கே முத்திரை குத்தறாங்களா?” என்றார். ஊரில் உள்ள கடைக்காரர்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவருக்கு யாரும் அதுவரை குத்தியதில்லை. வலித்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஷோரூம் ஏசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருமுனையில், மாடிப்படிக்கு அடியில் ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. நடத்துகிற பெண்ணை எல்லோரும் ரிப்பேர் அக்கா என்போம். தலைமுடி காயவைக்கிற மிஷினை எடுத்து அடிப்பக்கம் சூடு காட்டினாள். பசை இளகியது. திறந்து, பழைய பேட்டரியைக் கழற்றி, வேறு ஒன்றை வைத்தாள். “கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான்ல சார், இதுல அவன் சாஃப்ட்வேரை எடுத்துட்டு லினக்ஸ்னு வேற ஒண்ணு போட்டுக் கொடுக்கட்டுமா? இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்” என்றாள்.

“அதுல என்ன விசேஷம்?”

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா படிச்சுப் பாக்கலாம் சார். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். ஒளிவு மறைவு கிடையாது.”

“யார் வேணாலுமா?”

“ஆமா சார். நீங்களும்.”

அவ்வளவுதான், ஆள் காலி. அவருக்கு அதில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் படிக்கலாம் என்ற அனுமதி கிடைத்துவிட்டதே, அது போதாதா? மறுநாளிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், “சம்பந்தி, இது கண்ணாடியில செஞ்ச தராசு. உள்ள முள் ஆடறது வெளியே தெரியும்” என்பார். சீல் வைத்த பொருள்தான் பொருள் என்ற அதே வாய், அதே பல். அலமாரியில் இருந்த டப்பாக்களை அவரே கிழித்துப் போட்டார். அவர் மனசு மாறுவதற்குள் சம்பந்தியம்மா அந்த இடத்தில் புடவைகளை அடுக்கிவிட்டார்.

தாடியும் வளர்க்க ஆரம்பித்தார். லினக்ஸில் பெரிய ஆட்களெல்லாம் தாடிக்காரர்கள் என்று எங்கேயோ படம் பார்த்திருக்கிறார். வேலையில் இருந்த காலம் முழுக்க மழமழவென்று சவரம் செய்த முகம் அது. தாடி ஒரு பக்கம் வெள்ளையாகவும் ஒரு பக்கம் சாம்பலாகவும், சுவரில் பாதி அடித்துவிட்டுப் பெயிண்டர் சாப்பிடப் போன மாதிரி வளர்ந்தது.

பழைய சாமான்களை எல்லாம் தானம் செய்தார். வாட்ச் பால்காரருக்குப் போனது. அவர் மறுவாரமே என்னிடம் வந்து நின்றார். “அண்ணே, இது என்னை அடிக்கடி மூச்சு விடச் சொல்லுதுண்ணே. இவ்வளவு நாளா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு இது நெனக்குது?” காதில் மாட்டுவது முடிவெட்டுகிறவருக்குப் போனது. ரிட்டயர் ஆனவர்கள் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து ஒரு சபதமும் எடுத்தார். “மூடின பொருளை இனிமே கையால தொடமாட்டேன், கண்ணால பாக்கமாட்டேன்!” எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரத்தில்தான் டீ வந்தது.

போன் எனக்கு வந்தது.

“சம்பந்தி, எந்நேரமும் சார்ஜ்ல போட்டே வைங்க. தானா அணையாத மாதிரி செட் பண்ணியிருக்கேன். இந்தப் பக்கவாட்டு பட்டனை மட்டும் தொட்டுடாதீங்க. தொட்டா பூட்டிக்கும். பூட்டினா என் முகத்தைக் கேக்கும். நான் காட்டமாட்டேன்.”

“நம்பர் ஏதாவது போட்டுத் திறக்கலாம்னு என் மக சொன்னாளே?”

“அந்த நம்பரை உங்க சம்பந்தியம்மாவை விட்டு மாத்தச் சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது. அவளை உடனே மறந்துடச் சொன்னேன். மறந்துட்டா.”

“உங்க கணக்கை அதுலேர்ந்து எடுத்துட்டுக் கொடுக்கலாமே?”

“எடுக்கணும்னா அந்தக் கம்பெனியை அனுமதி கேக்கணும். நானா கேப்பேன்?”

இப்படி ஒரு பூட்டைத் தன் முகத்தாலேயே பூட்டி, சாவியையும் தன் முகத்திலேயே வைத்துக்கொண்டு, அந்த முகத்தின் மேல் தாடி வளர்த்த மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் பேத்தி பிறந்தாள். நாள் நிறைவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள், அவசரக்காரி. ரொம்பச் சின்ன உருவம். டாக்டர் யாரையும் வரவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கூடமாட இருக்க முன்பே போயிருந்த என் வீட்டுக்காரி மட்டும் அங்கே இருந்தாள். தினமும் காலையில் குழந்தையைத் துடைத்து, தராசில் படுக்க வைத்து எடை பார்ப்பார்கள். அந்த நேரத்தில் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். கூப்பிடுவது மாமனார் பெயருக்கு. மணி அடிப்பது என் மேஜையில். படத்தில் நடுநாயகமாக நான்.

ஓரத்து ஸ்டூலில் சம்பந்தி உட்கார்ந்தார் என்று நினைக்கிறீர்களா? அதுகூட இல்லை. தினமும் சரியாக அந்த நேரத்துக்கு ஒரு சாக்கோடு வருவார். ஸ்க்ரூ டிரைவர் இருக்கா என்பார். நேற்றுப் பேப்பர் வேண்டும் என்பார். வந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவர் காலண்டரைப் பார்த்தபடி உட்காருவார். சபதம் இருக்கிறதே.

“அப்பா, பின்னாடி யாருப்பா?”

“உன் மாமனார்மா. தேதி பாக்கறார்.”

“மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க மாமா. பாப்பா கண்ணைத் திறந்திருக்கா.”

“இருக்கட்டும்மா, நான் சும்மாதான் வந்தேன். இன்னைக்கு எடை என்ன காட்டுது?”

எடையைச் சொன்னால், “தராசு சமமா நிக்குதா?” என்பார். “குழந்தை கால் வெளியே தொங்காம இருக்கா?” என்பார். எல்லாம் காலண்டரைப் பார்த்துக்கொண்டே. நான் விடுவேனா? போனை அவர் பக்கம் மெல்லத் திருப்புவேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

மாப்பிள்ளை பாவம், படம் எடுத்து அப்பாவின் கம்ப்யூட்டருக்கு மெயிலில் அனுப்பினார். அந்த போனில் எடுத்த படம் அங்கே திறக்கவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்தான் வந்தது. ரிப்பேர் அக்கா வந்து பார்த்து, “ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டா தெரியும் சார்” என்றாள். அந்த சாஃப்ட்வேரில் ஒரு பகுதியை மட்டும் யாரும் படித்துப் பார்க்க முடியாதாம், அதுவும் சீல் வைத்ததுதானாம். வேண்டாம் என்றுவிட்டார். ‘அனைவரும் திறக்கக்கூடிய வடிவத்தில் அனுப்பவும்’ என்று மகனுக்கு ஆபீஸ் கடிதம் மாதிரி பதில் எழுதினார். வீடியோ பேசுவதற்குத் தன் பக்கத்து சாஃப்ட்வேரை எப்படிப் போடுவது என்று பாராகிராஃப் பாராகிராஃபாக இன்னொரு கடிதம். மாப்பிள்ளை என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டார். “மாமா, நாங்க ரெண்டு பேரும் தூங்கியே நாளாச்சு. அப்பாகிட்ட சொல்லுங்க, இப்ப என்னால எதையும் படிக்க முடியாது.” குரலில் அழுகை இருந்தது. அதை அப்படியே சம்பந்தியிடம் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, “சுலபமாத்தானே எழுதியிருந்தேன்” என்றார்.

பிறகு விஷயம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. குழந்தையின் எடை ஏறவில்லை. ஒரு நாள் நின்றது, அடுத்த நாள் கொஞ்சம் இறங்கியது. நாளைக் காலைக்குள் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வார்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். பெற்றவர்களே கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. இதைச் சொன்னதும் சம்பந்தி எழுந்து வீட்டுக்குப் போனார். அன்றைக்குப் பேப்பரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே போனுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். மணி அடிக்கிற சத்தம் எங்கே காதில் விழாமல் போய்விடுமோ என்று சத்தத்தைக் கூட்டப் போனேன். அழுத்தியது வேறு பட்டன். திரை கறுத்துவிட்டது. தொட்டால் முகத்தைக் கேட்டது. என் முகத்தைக் காட்டினேன். பூட்டுப் படம் இப்படியும் அப்படியும் ஆடியது. என் மகளைப் பெற்ற முகம் அது, ஒரு மரியாதை வேண்டாமா?

பனியனோடு சம்பந்தி வீட்டுக்கு ஓடினேன். அங்கே வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ரிப்பேர் அக்காவைக் காலையிலேயே கூட்டி வந்து, தன் கம்ப்யூட்டர் வழியாகவே மகனைப் பிடித்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். காமிரா வந்தால் சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் காமிரா போய்விட்டது. திரையில் கறுப்புக் கட்டம். “ஹலோ, ஹலோ” என்று அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி, பட்டனைத் தொட்டுட்டேன். உங்க முகத்தைக் கேக்குது.”

“நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“தப்புத்தான். இப்ப மூஞ்சியைக் காட்டுங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. “சங்கத்துல அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கேன் சம்பந்தி” என்றார். குரல் முன்பு போல் இல்லை.

சமையலறை வாசலில் சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். “உங்க மூஞ்சியைக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பாத்துட்டிருக்கேன். எனக்கு என்ன ஆயிடுச்சு? அந்தப் போன் ஒரு தடவ பாத்தா தேஞ்சா போயிடும்?”

“நீ அந்த நம்பரைச் சொல்லு.”

“மறக்கச் சொல்லித்தானே போடச் சொன்னீங்க! நீங்க சொல்லி நான் கேட்டது இந்த ஒண்ணுதான். அதுக்கும் இப்ப திட்டா?”

சம்பந்தி மெல்ல எழுந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், தொடக்கூடாது அல்லவா. நான் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பூட்டு ஆடியது. இன்னொரு தடவை பிடித்தேன். மறுபடியும் ஆடியது.

“சார், வெயிட்!” என்று ரிப்பேர் அக்கா போனைப் பிடுங்கினாள். “இன்னும் ரெண்டு மூணு தடவ தப்பாச்சுன்னா அப்புறம் முகத்தையே பாக்காது, நம்பர்தான் கேக்கும். உங்களை அதுக்கு அடையாளம் தெரியல. தாடி.”

எல்லோரும் தாடியைப் பார்த்தோம்.

“அவங்க கூப்பிட்டா நாம எடுக்க முடியாதாம்மா?” என்று கேட்டேன்.

“மணி அடிக்கும். குரல் வரும். படம் பாக்கணும்னா திறந்துதான் ஆகணும்.”

சம்பந்தி தாடியை ஒரு தடவை தடவினார். சம்பந்தியம்மா துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து, ஹாலிலேயே நாற்காலியில் உட்கார வைத்து, கீரைக் கட்டை நறுக்குவது போல் நறுக்கித் தள்ளினார். நான் சோப்பு நுரை போட்டேன். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரேஸரை எடுத்தார். ஒரு கன்னம் முடிந்தது. அந்த நேரத்தில் மணி அடித்தது. திரையில் ‘மருமகள்’ என்று வந்தது. அவர் கை வேகமெடுத்தது. தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம்.

“மெதுவா, மெதுவா!” என்றார் சம்பந்தியம்மா.

“போனை வச்சிடுவா! வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவா!” என்று சம்பந்தி கத்தினார்.

கடைசி நுரையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முகத்தை நீட்டினார். ரிப்பேர் அக்கா போனைப் பிடித்தாள். யாரும் மூச்சு விடவில்லை. பால்காரருடைய வாட்ச் இருந்திருந்தால் எங்களையெல்லாம் திட்டியிருக்கும்.

பூட்டு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு என் மகள் வந்தாள். கிளம்பத் தயாராகப் பையெல்லாம் பின்னால் அடுக்கியிருந்தது. “மாமா! முகத்துல என்ன மாமா ரத்தம்?” என்றாள்.

பேத்தியை முதன்முதலாகப் பார்க்கப் போகிற மனுஷன் என்ன சொல்வார்? கண்ணே என்பார், தங்கமே என்பார். எங்கள் ஆபீசர் சொன்னார்: “முதல்ல தராசை வெறுமனே காட்டும்மா. பூஜ்யம் நிக்குதா பாக்கணும்.”

மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். தராசைக் காட்டினாள். பூஜ்யம் நின்றது. பிறகு என் வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கி வந்து மெல்லப் படுக்க வைத்தாள். ஒரு முழம்கூட இருக்காது. கையைக் காலை உதைத்தது. எண் ஏறி இறங்கி ஆடியது.

“எவ்வளவு காட்டுது?” சம்பந்தி என் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியவில்லை. அதைத் தேடக்கூட நேரமில்லை. “எவ்வளவு சம்பந்தி, சொல்லுங்களேன்!”

எண் நிற்கும் வரை காத்திருந்து படித்தேன். நேற்றைவிட ஏறியிருந்தது. ரொம்ப இல்லை, ஒரு கைப்பிடிப் பச்சை மிளகாய் அளவு. ஆனால் ஏறியிருந்தது.

“ஏறியிருக்கா?”

“ஏறியிருக்கு சம்பந்தி.”

“சரி” என்றார். அவ்வளவுதான். என் கடையில் நான் வாயால் சொன்ன எடையை ஒருநாளும் நம்பாத மனுஷன், இன்னொரு தடவை படிக்கச் சொல்லவில்லை. கண்ணாடியைச் சம்பந்தியம்மா மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. குழந்தையைத்தான் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூக்கு போனில் இடிக்கிற அளவுக்குப் பார்த்தார். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். அதைப் பற்றி நான் அவரிடம் இன்றுவரை கேலி பேசவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பேசுகிறேன்.

டாக்டர் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த நாளும் ஏறியது, அதற்கடுத்த நாளும். இப்போது கன்னம் இரண்டும் உப்பிவிட்டது.

சம்பந்தி தாடியை மறுபடி வளர்க்கவில்லை. வெயிலுக்கு அரிக்கிறது என்கிறார். சங்கத்தில் கேட்டவர்களுக்கு ஏதோ தோல் உபத்திரவம் என்று சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் பளபளவென்று சவரம் செய்துகொண்டு என் வீட்டுக்கு வருகிறார். பட்டனை நான் வேண்டுமென்றே ராத்திரியே அழுத்திவிடுகிறேன், காலையில் அவர் முகத்தைக் காட்டித்தான் திறக்க வேண்டும். போனை இன்னும் கையால் தொடுவதில்லை. “நான் எங்க பாக்கறேன்? நான் பாட்டுக்குக் கண்ணைத் திறந்து வச்சிருக்கேன், நீங்க போனைக் கொண்டாந்து எதிர்ல நீட்டறீங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?” என்கிறார். சட்டம் படித்த ஆபீசர் அல்லவா, சபதத்தில்கூடச் சந்து கண்டுபிடித்துவிட்டார். ஸ்டூலையும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். படத்தில் மறுபடியும் என் காது மட்டும்தான் தெரிகிறது.

இன்று காலையில் பேத்தி அவரைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு முதல்முறையாகச் சிரித்தாள். அது சிரிப்பில்லை, வயிற்றில் காற்று என்று என் வீட்டுக்காரி அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். சம்பந்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அவளிடம் ரகசியம் மாதிரி சொன்னார்:

“கண்ணு, உனக்குப் பல்லு முளைக்கறதுக்குள்ள உங்கப்பனைத் திருத்தி லினக்ஸ் போட வச்சிடறேன். அதுவரைக்கும் இந்தத் திருட்டுப் பய போன்லயே சிரிச்சுக்கோ.”